வலது கால் முன்னுக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மாரியில்தான் நான் ஸ்னோபோர்ட் என்கிற பனிப்பலகை ஓடப் பழகினேன். ஒன்றால் மற்றது வந்ததென்று சொல்ல மாட்டேன். அப்பா நவம்பரில் விழுந்தார், பலகை டிசம்பரில் வந்தது. ஆனால் அந்த வருடக் குறிப்பேட்டில் இடப்பக்கம் அப்பாவின் பயிற்சிகளும் வலப்பக்கம் பலகையின் அளவுகளும் இருக்கின்றன. இப்போது புரட்டினால் சில வரிகள் எந்தப் பக்கத்துக்குரியவை என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. “கணுக்கால் மடியாது. முழங்காலை மடி.” இந்த வரி இரண்டு பக்கத்திலும் உண்டு.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. ஒஸ்லோவில் பாலங்களின் சுமையைக் கணக்கிடும் அலுவலகம் ஒன்றில் பொறியியலாளராக இருந்தேன். அப்பா பஸ் சாரதி. அம்மா சிறுவர் பள்ளியொன்றின் சமையலறையில் வேலை செய்தார். மூன்று பேரும் ட்வெய்ட்டாவில், உயர்ந்த கட்டடமொன்றின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு வலப்பக்கம் முழுவதும் போயிருந்தது. பேச்சு தடித்து வந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. நகரசபையிலிருந்து வந்த பெண் எங்களுக்கு நேராகவே சொன்னாள்: ஜனவரிக் கடைசியில் ஒருநாள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து பார்ப்பார்கள். வாசலால் நுழைந்து, கதிரையிலிருந்து தானே எழும்பி, கழிவறைக்குப் போய்வந்தால் வீடு. இல்லாவிட்டால் சீக்ஹெய்ம், அதாவது பராமரிப்பு இல்லம்.

“அங்கை ஆர் என்னோடை தமிழ் கதைக்கிறது?” என்றார் அப்பா. “மீன் உருண்டையும் அவிச்ச உருளைக்கிழங்கும் திண்டு, ஜன்னலைப் பாத்துக்கொண்டு சாகோணுமோ?”

“அப்பிடி ஒண்டும் நடக்காது” என்றேன். எனக்கு அது தெரியாது. ஆனால் பட்டியல் போட்டால் நடக்காது என்று நம்பினேன்.

பலகையைத் தந்தவர் என்னோடு வேலை செய்த, ஐம்பது தாண்டிய நோர்வேஜியப் பெண். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் ஓடுவதை விட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் காரில் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் சாத்தினார். “மூன்று கிழமையாகச் சாப்பாட்டு நேரத்தில் நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். வெளியில் போ.”

பள்ளிக்கூடக் காலத்தில் மற்றப் பிள்ளைகள் மென்மையான சப்பாத்தோடு ஓடிய அகலப் பலகை அல்ல இது. ஒடுங்கியது, நீண்டது. சப்பாத்து கணுக்காலுக்கு மேல்வரை கெட்டிப் பிளாஸ்டிக். அதைப் பலகையோடு பூட்டும் உலோகப் பைண்டிங்குகளைச் சரித்துப் பொருத்த வேண்டும், அப்போது இரண்டு பாதங்களும் ஏறக்குறைய முன்னோக்கியே நிற்கும். இதில் சறுக்கித் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. பலகையை அதன் ஓரத்தில் நிமிர்த்தி, அந்த ஓரத்தால் பனியை வெட்டித் திரும்ப வேண்டும். சரியாகச் செய்தால் பின்னால் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரே ஒரு கோடு இருக்கும். பிழையாகச் செய்தால் தும்புத்தடியால் கூட்டியதுபோல் இருக்கும். ஓடியவர் என்ன சொன்னாலும் கோடு உண்மையைச் சொல்லிவிடும். எனக்கு அது பிடித்தது.

பைண்டிங் பொருத்த நான்கு விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும். பாதத்தின் நீளம், முன்காலின் கோணம், பின்காலின் கோணம், இரண்டுக்கும் இடையிலான தூரம். நான்கையும் இரண்டு தரம் அளந்து எழுதினேன். ஐந்தாவது ஒன்றும் இருந்தது: எந்தக் கால் முன்னுக்கு. அதை நான் அளக்கவில்லை. வலது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். நல்ல நேரம், இராகு காலம் ஒன்றும் வீட்டில் பார்ப்பதில்லை. ஆனால் வலது கால் மட்டும் எப்படியோ எங்களோடு வந்துவிட்டது. ட்வெய்ட்டா வீட்டுக்கு முதல்நாள் வந்தபோது எனக்கு ஏழு வயது. இடது காலை வைத்து ஓடி உள்ளே போன என்னை அப்பா தூக்கி, வெளியே கொண்டுவந்து நிறுத்தி, திரும்ப வலது காலை வைத்து வரச் சொன்னார். சோதனை மண்டபம், விமானம், அலுவலகத்தின் முதல்நாள், எல்லாவற்றுக்கும் அந்தக் கால்தான். வலது கால் முதலில் போகும் என்பது எனக்கு ஒரு நம்பிக்கையாகக்கூட இருக்கவில்லை. திருகாணியை வலப்பக்கம் முறுக்கினால் இறுகும் என்பது மாதிரி அது.

ஞாயிறுகளில் பூசைக்குப் போகாமல் க்ரெஃப்சன் மேட்டுச் சரிவுக்குப் போனேன். இயந்திரம் வாரிவிட்ட பனி காலையில்தான் கெட்டியாகவும் சமமாகவும் இருக்கும். பத்து மணி தாண்டினால் மற்றவர்கள் அதைக் கிளறிவிடுவார்கள். நான் விழுந்தேன். விரல் பக்கம் திரும்பும்போது ஓரளவு நின்றேன், குதிகால் பக்கம் ஒவ்வொரு தரமும் விழுந்தேன். ஐந்து ஞாயிறு. இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். கோணத்தை மூன்று பாகை கூட்டினேன், இரண்டு குறைத்தேன், தூரத்தை ஒரு சென்டிமீட்டர் ஒடுக்கினேன். எல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஐந்தாவது வரியை மட்டும் தொடவில்லை.

மத்தியானம் அங்கிருந்து நேரே அப்பா தங்கிப் பயிற்சி பெற்ற மருத்துவமனைக்குப் போவேன்.

“என்ன பிள்ளை, இண்டைக்கும் நிலத்தைக் கொஞ்சிப்போட்டோ வாறாய்?”

“ஓம். ஏழு தரம்.”

“நான் ரெண்டு தரம்தான்” என்பார், வாயின் ஒரு பக்கத்தால் சிரித்து.

தொங்கிய பாதத்தைத் தாங்க அவருக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள், குதிகாலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை. அவருக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. “இதைப் போட்டுக்கொண்டு பிறேக் மிதிக்கேலாது” என்பார். இனிப் பஸ் இல்லை என்று அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. என்னுடைய சப்பாத்தைக் காட்டிய அன்றுதான் கொஞ்சம் இளகினார். “அப்ப உனக்கும் பிளாஸ்ரிக், எனக்கும் பிளாஸ்ரிக். கொம்மாதான் மிச்சம்.”

பயிற்சியாளர் அவருக்கு ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். அப்பாவுக்கு நல்ல கால் இடது. மருத்துவமனையின் மூன்று மரப்படிகளில் அவர் அதைப் பிழையில்லாமல் செய்தார். நான் பார்த்து, சரியென்று குறித்துக்கொண்டேன்.

ஆறாவது ஞாயிறு அலுவலகப் பெண் என்னைப் பார்க்க வந்தார். நான் இரண்டு தரம் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையைக் கழற்றி நிற்கச் சொல்லிவிட்டு, எதிர்பாராமல் பின்னாலிருந்து தள்ளினார். என் இடது கால் முன்னால் போய் ஊன்றியது. இன்னொரு தரம் தள்ளினார். இடது.

“சின்ன வயதில் பள்ளிக்கூட முற்றத்து ஐஸில் வழுக்கி விளையாடியிருப்பாயே, எந்தக் கால் முன்னால்?”

“இடது.”

“பிறகு ஏன் வலதைப் பூட்டினாய்?”

“வலது கால்தான் முதலில் வைக்க வேண்டும்.”

“யார் சொன்னது?”

“எல்லாரும்.”

அவர் திருப்புளியை நீட்டினார். சரிவின் அடியில், கை விறைக்க, இரண்டு பைண்டிங்குகளையும் மாற்றிப் பூட்டினேன். அன்று மூன்றாவது இறக்கத்தில் குதிகால் பக்கம் திரும்பி நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது மேலே பனியில் கோடு இருந்தது. நாலைந்து மீட்டர் வரும். மெல்லியது, ஒரே கோடு.

மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன்.

“இடது காலோ? அதுதான் முழு மலையும் நாசமாப் போகப்போகுது” என்றார். நன்றாகச் சிரித்தோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவரும் விளங்காமலே சிரித்தார்.

வீட்டைப் பார்க்கும் நாள் அந்த வியாழன். பதினொரு வரிப் பட்டியல் போட்டிருந்தேன். கம்பளங்களைச் சுருட்டியாயிற்று. கழிவறையில் பிடி பூட்டியாயிற்று. கதிரையின் உயரத்தைக் கூட்டியாயிற்று. கதவின் அகலம் அளந்தாயிற்று. வாசற்படியின் உயரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர், மருத்துவமனைப் படியில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அதனால் அதற்குப் பக்கத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதினேன்.

அம்மா விடியவே எழும்பி றால் குழம்பு வைத்திருந்தார். மின்தூக்கி திறக்கும்போதே மணந்தது. அப்பா ஊன்றுகோலை இடக்கையில் பிடித்து நடைபாதையைத் தானே நடந்து கடந்தார். நான் பின்னால், அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி. பயிற்சியாளர் எனக்குப் பின்னால். நகரசபைப் பெண் தாள்களோடு ஏற்கனவே உள்ளே நின்றாள். கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு அம்மா அழுதழுது சிரித்தார்.

“இஞ்சாருங்கோ, வலது காலை வைச்சு வாங்கோ.”

அது என் காதில் விழுந்தது. இதைத்தான் நான் எழுத வேண்டும். எந்தக் கால் முதலில் போக வேண்டும் என்று அங்கு நின்றவர்களில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. நான்கு நாளுக்கு முதல்தான் திருப்புளியால் அதே பிழையைத் திருத்தியிருந்தேன். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வசனத்தில் எனக்கு ஒரு குறையும் கேட்கவில்லை. அது வெறும் ‘வாங்கோ’ என்பது போலத்தான் கேட்டது.

அப்பா இரண்டு மாதப் பயிற்சியை விட்டுவிட்டு, இடுப்பைத் தூக்கி வலது காலை எடுத்து வைத்தார். பாதத்தின் பிளாஸ்டிக் பட்டை நுனி வாசற்படியில் இடறியது. இடுப்புப் பட்டி என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவர் உள்ளே விழுந்தார், முழுப் பாரமும் வலது இடுப்பில்.

“நில்லுங்கோ அப்பா” என்று அதற்குப் பிறகு சொன்னேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை, பிறகு நெஞ்சில் சளி, பிறகு காய்ச்சல். ஏப்ரலில் அவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். நகரசபைப் பெண் அன்று தாளில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அப்பா ஐந்தாம் மாடிக்குத் திரும்ப வரவேயில்லை. இல்லத்தில் இரண்டரை வருடம் இருந்தார். மீன் உருண்டையை உண்மையிலேயே வெறுத்தார். அவருடைய பேச்சு நோர்வேஜியத்தில் முதலில் குறைந்தது, பிறகு தமிழிலும்.

ஒருதரம் மட்டும் கேட்டார், “பலகை ஓடுறியோ?”

“ஓடுறன்.”

“கோடு வருதோ?”

“வருது அப்பா.”

அது உண்மை. இரண்டாவது மாரியில் சரிவின் மேலிருந்து கீழ்வரை வந்தது.

அந்த வாசற்படியைப் பற்றி வீட்டில் நாங்கள் கதைத்ததில்லை. அம்மாவிடம் நான் சொல்லியிருக்கலாம், பட்டியைப் பிடித்திருந்தது நான், விதி தெரிந்திருந்ததும் நான் என்று. சொல்லவில்லை. இல்லத்தின் அறைகளுக்குப் படிகளே கிடையாது. நடைபாதையின் தரை அப்படியே உள்ளே போகும், சக்கர நாற்காலிகளுக்காக. ஆனாலும் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் அறை வாசலில் சாப்பாட்டுப் பையோடு ஒரு கணம் நின்று, தரையைப் பார்த்து, இடது காலை முதலில் வைத்து உள்ளே போவார். பின்னால் வரும் எனக்கு அது ஒவ்வொரு தரமும் தெரியும்.