ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு தொட்டி

உம்மல் குல்சும் உக்கடத்தில் பிறந்தவர். பிறந்தது 1983 நவம்பரில். அப்பா ஷேக் பரீத் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்ததும் குல்சுமுக்குத் திருமணம், பிறகு இரண்டு பிரசவம். படித்ததற்கும் வேலைக்குப் போனதற்கும் நடுவே பதினோரு வருடம் ஓடிவிட்டது. 2015 ஜூலை 6ஆம் தேதி, கணபதியில் போர்வெல் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் சோதனை அறையில் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்த அறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கம்ப்யூட்டர். பம்பைத் தொட்டிக்குள் இறக்கி ஓடவிட்டு, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். அளவுகள் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். அதில் உள்ள மென்பொருள் அவற்றைக் கோடாக வரைந்து, பாஸ் அல்லது பெயில் என்று சான்றிதழ் அச்சிடும். ஒரு பம்புக்கு இருபத்தைந்து நிமிடம். சான்றிதழின் அடியில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் எஞ்சினியர் கையெழுத்துப் போடுவார். எட்டரை வருடமும் அந்தக் காகிதங்களை எஞ்சினியரின் மேசையில் கொண்டுபோய் வைத்தது குல்சும்தான்.

2023 டிசம்பரில் எஞ்சினியர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதே மாதம் இரண்டாவது தொட்டி வந்தது. இரண்டாவது கம்ப்யூட்டர் வரவில்லை. முதலாளி லட்சுமணசாமிக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது.

"அது நாள் முச்சூடும் சும்மாதானுங்களே ஒக்காந்திருக்குது? ரெண்டு தொட்டியையும் அதுலயே பாக்கறதுக்கு என்ன?"

மென்பொருளை விற்றவர் போனில் முடியாது என்றார். ஒரு தொட்டியை மட்டும் பார்ப்பதற்காக எழுதியது அது. ஏற்கெனவே திறந்திருக்கும்போது இன்னொரு முறை திறந்தால், 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லி மூடிக்கொள்ளும். குல்சும் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கிளறிப் பார்த்தார். திறந்ததும் அது தன் ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பைப் போட்டுவைக்கிறது, அடுத்த முறை அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். ஃபோல்டரையே முழுதாகப் பிரதி எடுத்து, ஒன்றுக்கு 'இடது', மற்றதற்கு 'வலது' என்று பெயர் வைத்தார். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியவில்லை. திரையின் இடது பாதியில் இடது தொட்டி, வலது பாதியில் வலது தொட்டி. ஒரு நாளைக்கு ஏழு பம்பு பார்த்த அறையில் பதினான்கு ஆயிற்று.

லட்சுமணசாமி 2024 ஜனவரி 8ஆம் தேதி வந்து, பத்து நிமிடம் நின்று பார்த்தார்.

"எஞ்சினியர் தேடறதை நிறுத்திப்போடறேன். கையெழுத்தை நீங்களே போட்டுக்குங்க."

முதல் சான்றிதழின் நகலைக் குல்சும் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினார். ஷேக் பரீத் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"மொத்தப் பேரையும் எழுதியிருக்கியே, எடம் பத்துச்சா?" என்றார். நகலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 17, திங்கள், பக்ரீத். குல்சும் விடுப்பில் இருந்தார். அன்று சாரல் அடித்து ஜன்னலோரம் நனைந்ததால், ஃபிட்டர் சுந்தரராஜுலு கம்ப்யூட்டர் மேசையைச் சுவர்ப்பக்கம் நகர்த்தினார். நகர்த்துவதற்காக, தொட்டிகளிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் பிடுங்கி, பிறகு மறுபடி செருகினார். இரண்டும் கறுப்பு. செருகும் துளைகளும் ஒரே மாதிரி.

செவ்வாய்க்கிழமை குல்சும் சுந்தரராஜுலுவுக்கு ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய பிரியாணி கொண்டுவந்தார். பதினான்கு பம்புகளும் சோதிக்கப்பட்டன. இரண்டு தொட்டியிலும் ஒரே ரகப் பம்பு, ஒரே நேரத்தில் ஓடும். எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது ஜோடியில் 4417 இடது தொட்டி, 4418 வலது தொட்டி. வலது விண்டோவில் பெயில் வந்தது. நிமிடத்துக்கு அறுபது லிட்டர் தள்ள வேண்டியது நாற்பத்து மூன்றுதான் தள்ளியிருந்தது. 4418க்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து ஓரமாக வைத்தார்கள். 4417 மற்றவற்றோடு மாலையே வேனில் அன்னூருக்குப் போனது, டீலர் பாலுசாமியின் கடைக்கு.

புதன்கிழமை காலை 8.40க்கு இடது தொட்டியில் முதல் பம்பு ஓடத் தொடங்கியது. வலது தொட்டியில் பம்பை இன்னும் இறக்கவில்லை. இடது விண்டோ பூஜ்யம் காட்டியது. வலது விண்டோவில் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

குல்சும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ராஜுலுண்ணா, இந்த வயரைத் தொட்டீங்களா?"

"மேசை நனைஞ்சுதுன்னு கழட்டி மாட்டுனேன் அம்மணி. ஏன், ஓடலையா?"

"ஓடுது. அதான் வெனை."

நேற்றுப் பெயிலானது 4418 அல்ல, 4417 என்று சுந்தரராஜுலுவுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாலுசாமிக்கு ஒரு போன் போட்டு, 4417ல பெயிண்ட் சரியில்லை, மாத்தித் தர்றோம்னு சொல்லிப்போடலாம். மொதலாளிக்கு எதுக்கு?"

குல்சும் பாலுசாமிக்குப் போன் செய்தார், பெயிண்டைப் பற்றிச் சொல்லவில்லை. 4417 முந்தின இரவே விற்றுவிட்டதாகப் பாலுசாமி சொன்னார். அன்னூருக்கு வடக்கே நாச்சியம்மாள் தோட்டத்தில் காலையிலிருந்து இறக்குகிறார்களாம். அங்கே யாரும் போன் எடுக்கவில்லை.

9.05க்கு முதலாளி அறையில் குல்சும் எல்லாவற்றையும் சொன்னார். ஃபோல்டரைப் பிரதி எடுத்ததையும் சேர்த்து. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் எப்படி ஓடுகிறது என்று அது நாள் வரை லட்சுமணசாமி கேட்டதில்லை.

"அப்ப வயரை மாத்துனது ராஜுலுங்களா?"

"மாத்துனது அவருங்க. பாக்காம ஆரம்பிச்சது நானுங்க."

"பம்பை எடுத்துட்டுப் போங்க. கையெழுத்து விஷயம் பொறகு பேசிக்கலாம்."

அந்தப் 'பொறகு' என்ற சொல் அன்னூர் வரைக்கும் குல்சுமின் கூடவே வந்தது. சரக்கு ஆட்டோவில் பின்னால் 4418, முன்னால் ஓட்டுநரோடு குல்சுமும் சுந்தரராஜுலுவும். 10.50க்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள். இருபத்தெட்டுப் பைப்பில் பதினொன்று இறங்கியிருந்தது.

"தேங்காயே ஒடச்சாச்சு. இப்ப வந்து தூக்குங்கறீங்க?" என்றார் இறக்குகிறவர்களில் ஒருவர்.

"தேங்காயை ஒட்டித் தரச் சொல்லலீங்க. பம்பைத்தான் கேக்கறோம்" என்றார் சுந்தரராஜுலு.

நாச்சியம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். சான்றிதழைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுல பாஸுன்னுதானே போட்டிருக்குது? இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுங்க."

"இப்ப நீங்க கொண்டாந்த பம்புக்கு?"

குல்சும் அந்தக் காகிதத்தையும் கொடுத்தார். "அதுல பெயிலுன்னு இருக்குதுங்க. அதுவும் என் கையெழுத்துத்தான்."

"பாஸானதைக் கழட்டிப்போட்டுப் பெயிலானதை மாட்டோணும்?"

"ஆமாங்க."

நாச்சியம்மாள் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தப்பை மறைக்கறதுக்கு வந்தவங்க இதைக் கையில கொண்டாந்திருக்க மாட்டாங்க. தூக்குங்கடா. தண்ணி வர்ற வரைக்கும் நீங்க இங்கயே இருக்கோணும் அம்மணி."

3.50க்குத் தண்ணீர் வந்தது. இருநூறு லிட்டர் டிரம் நிறைய மூன்று நிமிடம் பத்து நொடி ஆயிற்று. குல்சும் அதை 4418இன் சான்றிதழின் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். அதுவே கடைசியாக இருக்கலாம் என்று நினைத்து முழுப் பெயரையும் எழுதினார்.

மறுநாளிலிருந்து 'சோதித்தவர்' இடத்தில் லட்சுமணசாமியே கையெழுத்துப் போட்டார். இரண்டு விண்டோவும் தொடர்ந்தன. வயர்களில் ஒன்றுக்கு மஞ்சளும் மற்றதற்குப் பச்சையும் அடித்திருந்தது. தினமும் காலையில் இடது தொட்டி மட்டும் இரண்டு நிமிடம் தனியாக ஓடும். எந்த விண்டோவில் கோடு ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் வலது தொட்டிக்குப் பம்பு. குல்சும் அதற்கென்று ஒரு பதிவேடு போட்டார்.

லட்சுமணசாமி தினமும் மாலை ஐந்தரைக்கு வந்து பதினான்கு காகிதத்தையும் படித்தார். "இந்தக் கோடு ஏனுங்க இங்க வளையுது?" என்று கேட்பார். குல்சும் சொல்வார். ஜூலையில் அது முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆகஸ்டில் அரை மணி. செப்டம்பரில் அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொன்னார்.

அக்டோபர் 3ஆம் தேதி அவர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். வேலை நடந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது. குல்சும் ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தபோது எழுதிய வரி மட்டும் சுந்தரராஜுலுவின் கையெழுத்தில், கோணலாக.

"எனக்கு ஆறு மணிக்கு அவிநாசியில வேலையிருக்குது" என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார் லட்சுமணசாமி.

குல்சும் வாசல்வரை போய்க் கேட்டார். "நாளைக்குங்க?"

"நாளைக்கும்தான்."

அன்றைய பதினான்கில் பன்னிரண்டு பாஸ், இரண்டு பெயில். பதினான்கிலும் குல்சும் முழுப் பெயரையும் எழுதினார்.