கை காட்ட வந்தவள்

பதினேழு வருடங்களாக ருமெனின் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டியவர் மெதோதி. புர்காஸ் துறைமுகத்துக்குப் பின்னால் எழுந்த குடியிருப்புகளில் பாதி, இவர் கையசைக்க அவர் தூக்கி வைத்தவை. இருவருக்கும் தனிப் பாஷையே இருந்தது. மெதோதி மோவாயைத் தடவினால் வேகத்தைக் குறை. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினால் கொஞ்சம் இடப்பக்கம். அது வேறு யாருக்கும் புரியாது என்பதில் மெதோதிக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வசந்தத்தில் நெவெனாவும் சைகை காட்டும் வேலைக்கு வந்தாள். முன்பு மளிகைக் கடையில் இருந்தவள், பயிற்சிச் சான்றிதழோடு வந்தாள். அதே வாரம் பாதுகாப்பு அதிகாரி, தினமும் காலையில் எல்லாரும் முறையான சைகைகளைப் பழக வேண்டும் என்றார். வலது கையை உயர்த்தி வட்டமிட்டால் தூக்கு. தாழ்த்தி வட்டமிட்டால் இறக்கு. இரண்டு கையும் மேலே போனால் ஆபத்து, அப்படியே நிறுத்து.

மெதோதி கையை வட்டமிட்டதும், "மெதோதி அண்ணே, ஈ ஓட்டுறீங்களா?" என்று வரிசையில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நெவெனா சிரிக்கவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று காலை ருமெனின் சில சுமைகளுக்கு நெவெனா சைகை காட்டினாள். மதியம் ருமென் கீழே இறங்கி, வழக்கமாக மெதோதிக்குத் தரும் பாதி பனிட்சா அப்பத்தை அவளிடம் நீட்டினார்.

"பதினேழு வருஷமா நான் காட்டினது என்னாச்சு?" என்றார் மெதோதி.

"உன்னோடது பழகிப்போச்சுப்பா. அவளோடது புரியுது."

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய் நின்றது. வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன் நின்று கையை உயர்த்தி வட்டமிட்டுப் பார்த்தார். "என்ன, பஸ்ஸை நிறுத்துறியா?" என்றாள் மனைவி ஸ்தான்கா. கண்ணாடியில் தன் கையைப் பார்க்கும்போதும், நெவெனாவின் கைதான் அழகு என்று தோன்றியது.

ஜூனில் ஒருநாள் ருமென் பல்வலியால் வேலைக்கு வரவில்லை. புதிய ஓட்டுநர் மேலே ஏறினான். கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்க இருவர் கீழே நின்றார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி மெதோதி மோவாயைத் தடவினார். கட்டு அதே வேகத்தில் வந்தது. அவர் மறுபடி தடவினார்.

பக்கத்துத் தளத்திலிருந்து நெவெனா இரண்டு கைகளையும் உயர்த்தினாள். கட்டு ஆளுயரத்துக்கு மேலே நின்று ஆடியது.

"மோவாய் அரிக்குதுன்னுல்ல நினைச்சேன்!" என்று கத்தினான் ஓட்டுநர்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க அண்ணே" என்றாள் நெவெனா. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நன்றி சொல்லாமலே கம்பிக் கட்டின் பக்கம் நடந்தார்.

தேர்வு எழுதித் தேறும்வரை சைகை காட்டக் கூடாது என்றார்கள். இரண்டு வாரம் சுமைகளுக்குத் தூக்குபெல்ட் மாட்டும் வேலை பார்த்தார். தேறிய பிறகு, அவரைத் தெற்கு மூலையிலிருந்த கிரேனுக்கு அனுப்பினார்கள். ருமெனுக்கு நெவெனா.

அங்கே மெதோதியின் கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஆனால் தூரத்தில் ருமென் சுமையை இறக்கிவிட்டு, அவளுக்கு நன்றியாக ஒரு ஹாரன் அடிப்பது கேட்கும். பதினேழு வருடத்தில் அவருக்கு ஒருநாளும் அடித்ததில்லை.

"அந்தப் பொண்ணு எப்படி?" என்று வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள் ஸ்தான்கா.

"நல்லாத்தான் பண்றா" என்றார். ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.