மகளுக்குத் துணையாகக் கேட்ட விசா

மகளுக்கு விசா மறுக்கப்பட்டதற்குக் காரணம் நான். வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி ஒரு முறை சொல்ல வாயெடுத்தாள். மகள் பார்த்த பார்வையில் பேச்சு மீன் விலைக்கு மாறிவிட்டது. சொல்லித் தீர்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மகள் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர். எங்கள் புத்தளத்து உப்பங்கழியான களப்பின் ஓரம் கைவிடப்பட்டுக் கிடக்கும் இறால் தொட்டிகளில் கண்டல் மரங்கள் தாமாகவே மீண்டும் முளைக்கின்றன. அதைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. தோணியில் போய், இடுப்பளவு சேற்றில் இறங்கி, போத்தல்களில் சேறு நிரப்பிக்கொண்டு வருவாள். குளியலறையில் எப்போதும் களப்பு மணக்கும். அந்த ஆய்வைப் பற்றிப் பேச ஐரோப்பாவின் வடக்கே ஒரு நாட்டில் நடக்கும் மாநாட்டுக்கு அவளை அழைத்திருந்தார்கள்.

போவதற்கான பணத்தை அவளே தேடினாள். இளம் ஆய்வாளர்களுக்கென்று மாநாட்டுக்காரர்கள் கொடுக்கும் உதவிக்கு எழுதிப் போட்டுப் பதிவுக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் பெற்றாள். விமானச் சீட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் கேட்டாள். பீடாதிபதியின் கையெழுத்துக்காக அவருடைய அறை வாசலில் எத்தனை தடவை நின்றாள் என்பதைத் தாயிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். என்னிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. கடைசியில் எல்லாம் சரியாகி, கொழும்புக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துக் கைவிரல் அடையாளம் வைப்பது மட்டுந்தான் மிச்சம் என்ற நிலைமையில், என் மூத்த சகோதரியின் வீட்டில் ஒரு கலியாணம் வந்தது.

ஒரே பெரிய தட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து எழும்பிய பிறகு, உறவுக்காரர் எல்லாரும் கேட்கும்படி சகோதரி கேட்டாள்.

“தம்பி, புள்ளயத் தனியாவா அனுப்பப் போறீங்க?”

“அது மாநாடு ராத்தா. நிறையப் பேர் வருவாங்க.”

“நிறையப் பேர் வாற இடத்துக்குத்தானே கேக்கிறன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன். உடுப்பு மாற்றுவதற்கு முன்பே அறிவித்தேன்: நானும் போகிறேன். பெண் பிள்ளை அவ்வளவு தூரம் போவதென்றால் மஹ்ரமான ஓர் ஆண், தகப்பனோ சகோதரனோ, கூடப் போக வேண்டும் என்றேன்.

மனைவி தலையிலிருந்த துணியைக் கழற்றிக்கொண்டே திரும்பினாள்.

“மாம்புரிப் பக்கம் தோணியில சேறள்ளப் போனாளே, அப்ப எந்த மஹ்ரம் கூடப் போனது? நீங்க இஞ்ச கதிரையில இரிந்து பேப்பர் திருத்தினீங்க.”

“அது நம்மட களப்பு.”

“ஆ, நம்மட களப்புல விழுந்தா தண்ணி குடிக்க மாட்டாளா?”

கிணற்றடிக்குப் போய்விட்டேன். பாடசாலையில் பெற்றார் கூட்டம் வைத்தால், பெண் பிள்ளைகளை உயர்தரத்தோடு நிறுத்தாதீர்கள் என்று தகப்பன்மாரைப் பார்த்து ஆண்டுதோறும் பேசுகிறவன் நான். அந்தப் பேச்சுக்கு நல்ல பெயரும் உண்டு.

இன்னொன்றையும் இங்கே மறைக்கக் கூடாது. நான் புவியியல் ஆசிரியர். பனியாறு மலையை அரித்துப் பள்ளத்தாக்கை உண்டாக்குவதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அப்படியொரு பள்ளத்தாக்கை நேரில் கண்டதில்லை. விமானத்தில் ஏறியதுமில்லை. மார்க்கத்தின் பெயரைச் சொன்னபோது அந்த ஆசையும் உள்ளே இருந்து பேசியது. எது எவ்வளவு என்று இன்றும் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மகள் சேற்றுப் போத்தல்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, “சரி வாப்பா” என்றாள். அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவளுக்குத்தான் வேலை கூடியது. தகப்பனுக்கும் ஓர் அழைப்புக் கடிதம் தர முடியுமா என்று மாநாட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்த மின்னஞ்சலை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக் கேட்டுத்தான் அனுப்பினாள். மரியாதையாகப் பதில் வந்தது: உங்கள் தந்தையார் தாராளமாக வரலாம், ஆனால் அவருடைய செலவை எங்களால் ஏற்க முடியாது, உங்களுக்கு ஒதுக்கிய அறையும் இன்னொரு பெண் ஆய்வாளரோடு பகிர்ந்துகொள்ளும் அறைதான்.

அப்போதுதான் மூத்த சகோதரரின் மகனை, மகள் நானா என்று கூப்பிடும் அண்ணனை, நினைத்தேன். அந்த நாட்டில்தான் இருக்கிறான். படிக்கப் போனவன், திரும்பி வரவில்லை. அங்கேயே தஞ்சம் கேட்டு, வதிவிடப் பத்திரம் கிடைத்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். தொலைபேசியில் சொன்னதுமே, “சாச்சா, நீங்க வாங்க. தங்கிறது, சாப்பாடு எல்லாம் என்ட பொறுப்பு. தங்கச்சியையும் நானே ஸ்டேசனுக்கு வந்து ஏத்திக்கிறன்” என்றான். அப்படியே ஒரு பொறுப்புக் கடிதமும் எழுதி அனுப்பினான்.

அதை வாசித்து எனக்குக் கண் கலங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கொழும்புக்குப் போனாலும் மக்காவுக்குப் போனாலும் முதலில் கேட்பது, அங்கே நம்ம ஆள் யாரும் இருக்கிறார்களா என்பதுதான். இருக்கிறார்கள் என்றால் நெஞ்சு ஆறிவிடும். விசா கொடுக்கிறவருக்கும் அப்படியே ஆறும் என்று நினைத்தேன். அதனால் ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். தூரத்து உறவல்ல, சொந்தச் சகோதரர் மகன். படிக்க வந்து உங்கள் நாட்டிலேயே நிலையாகிவிட்டான். எங்கள் இருவரையும் அவனே பார்த்துக்கொள்வான். இலக்கணப் பிழையில்லாத கடிதம். பெருமையோடு மகளிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

“வாப்பா, நானாட கடிதத்தையும் இதையும் உங்கட ஃபைல்ல மட்டும் வைப்பமா? என்ட செலவுக்குத்தான் மாநாட்டுக்காரங்கட கடிதம் இரிக்கே.”

“ஏன் மகள்? நம்ம புள்ளதானே. ஒரு ஃபைல்ல வச்சி மற்றதுல ஒளிச்சா கள்ளம் மாதிரி ஆயிடும்.”

கொழும்பில் விண்ணப்பத்தைப் பொறுப்பேற்கும் இடத்தில், கருமபீடத்தில் இருந்த பெண் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்து அந்தக் கடிதங்களில் நின்றாள். “சேர், இதை ரெண்டு பேர்ட ஃபைல்லயும் போடவா?” என்று நல்ல தமிழில் கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு விளங்காமல் இல்லை. “ஓம், ரெண்டுலயும்” என்றேன்.

வெளியே வந்து நடைபாதைக் கடையில் எனக்கு ஒரு தடித்த ஜக்கெட் வாங்கினேன். புத்தளம் வரும் வரைக்கும் பஸ்ஸில் பனியாறுகளைப் பற்றிப் பேசினேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு “ஓம் வாப்பா, ஓம்” என்று வந்தாள்.

இரண்டு கடவுச்சீட்டுகளும் ஒன்றாகவே திரும்பி வந்தன. இரண்டிலும் ஒரே காரணம்: திரும்பி வரும் எண்ணம் உறுதிப்படவில்லை. போய்த் திரும்பாத சகோதரர் மகனை நானே அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். அவளோடு வேலை செய்யும் மாத்தறைப் பக்கத்துப் பெண்ணுக்கும் அதே மாநாடு, அதே உதவி, அதே பீடாதிபதியின் கையெழுத்து. அவளும் கலியாணம் கட்டாதவள்தான். தனியாக விண்ணப்பித்தாள், போய் வந்தாள். மகள் தன் அலைபேசியில் அவளுடைய படங்களை எனக்குக் காட்டவில்லை. மனைவி காட்டினாள்.

மாநாட்டுக்காரர்கள் இரக்கப்பட்டு, வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பேச இடம் கொடுத்தார்கள். மகள் அறையைப் பூட்டிக்கொண்டு பேசத் தொடங்கியதும் நான் கேற்றடியில் காவல் நின்றேன். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வர, ஓடிப்போய்க் கையைக் காட்டி மறித்தேன்.

“அடிக்காதீங்க. மகள் வெளிநாட்டோட கதைக்கிறா.”

“ஏன் சேர், போகல்லியா? நீங்களும் போறண்டுதானே சொன்னீங்க? நீங்க இல்லண்டு நான் சூட மீன் கொண்டு வாறத்த நிப்பாட்டிட்டனே!”

“போகல்ல.”

“அல்லாஹ் நாடல்லபோல.” பெட்டியைத் திறந்து மீனைக் காட்டினார். அல்லாஹ்வின் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்குப் பயமாக இருந்தது. உள்ளேயிருந்து மகளின் ஆங்கிலம் கேட்டது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று தென்னைகளைப் போட்டு உலுப்பியது. கரண்ட் போகக் கூடாதே என்று துஆ கேட்டபடி நின்றேன். போகவில்லை. பேசி முடித்து வெளியே வந்தவள், கேள்வி கேட்க நேரம் இல்லாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஆண்டு வேறொரு மாநாட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மறுபடியும் அதே அலைச்சல், அதே கையெழுத்துகள். இந்தமுறை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கூடுதலாக அவளுக்குக் கனத்தது. முன்பு விசா மறுக்கப்பட்டதா? ஆம் என்றால் விளக்குக. இனி எந்த நாட்டுக்கு எழுதினாலும் அவள் ஆம் என்றுதான் போட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அந்த இடத்தை அவள் வெறுமையாக வைத்திருந்ததைக் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

போன கிழமை சகோதரி வீட்டுக்கு வந்தாள். மகள்தான் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“திரும்பியும் போறாளாமே. இந்தமுறையும் நீங்க கூடப் போறீங்களா தம்பி?”

“இல்ல ராத்தா.”

“அப்ப தனியாவா?”

“ஓம், தனியா.”

“போனமுறை நானும் போவன் எண்டு ஒத்தக்கால்ல நிண்டீங்க?”

“நான் நிண்டதாலதான் அவ போகல்ல ராத்தா. அவட காகிதமெல்லாம் சரியா இரிந்தது. நான் போய்ச் சேர்ந்துதான் கெடுத்தன்.”

சகோதரி கோப்பையைத் தூக்கியவள் குடிக்காமல் வைத்தாள். மகள் தட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாப்பா, அத அப்படியே எழுதவா?”

“எதை?”

“அந்தக் கேள்விக்கு. வாப்பா கூட வரக் கேட்டாங்க, அவங்கட காகிதத்தால என்டதும் சேர்ந்து போச்சி எண்டு. உங்களக் குறை சொல்ற மாதிரி இரிக்குமே எண்டுதான் எழுதாம வச்சிரிந்தன்.”

“எழுதுங்க மகள்” என்றேன். “இங்கிலீசு நான் பார்த்துத் தரட்டா?”

“வேணாம் வாப்பா” என்றாள்.

விண்ணப்பம் கொடுக்கக் கொழும்புக்குப் போகிறவளை நேற்றுக் காலை புத்தளம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். யன்னலோர இடம் கிடைத்தது. விண்ணப்பக் கோவையை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள். பஸ் கிளம்பும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். முடிவு வர இன்னும் நாளாகும்.