கோதை டீச்சர் வெட்டிய ஜன்னல்கள்

கோதை என் அண்ணன் திருவேங்கடத்தின் இரண்டாவது மகள். மூத்தவளை நகரியில் தறி வைத்திருந்த வீட்டில் கொடுத்தோம். கோதை படித்தாள். எங்கள் வகையறாவில், அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பள்ளிக்கூடத்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அண்ணன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வேர்க்கடலை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் காய்ந்த சமயம் அது. பேப்பரில் நாலு வரி வந்தது. தீராத வயிற்று வலியால் என்று போட்டிருந்தார்கள். அண்ணன் வயிற்று வலி என்று படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. காரியம் முடிந்து கோதை பள்ளிக்கூடம் போன அன்றைக்கு, பின் பெஞ்சில் ஒருத்தன் அந்த நாலு வரியை உரக்கப் படித்தானாம். வாத்தியாரும் கேட்டுக்கொண்டு நின்றாராம். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். எதற்கு வந்தாய் என்று அடித்துக் கேட்டும் சொல்லவில்லை. என்னிடமே இருபது வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

ஆந்திராவில், சித்தூரைத் தாண்டி குடிபாலா பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் டீச்சர். அங்கிருந்து வேலூர் எல்லை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் பஸ் போர்டு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் தெலுங்கு. தமிழ்ப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். பாடப் புத்தகத்தை மூடிவிட்டால் அவர்கள் கண்ணில் தமிழ் எழுத்தே படாது. அதனால் தினமும் காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தமிழ்ப் பேப்பர் ஒன்று வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். தங்கம் விலையை வைத்துக் கணக்கு. மழை அளவை வைத்து பூகோளம். முறை வைத்து ஒருவர் எழுந்து ஒரு செய்தி படிக்க வேண்டும். மற்றவர்கள் அதை வீட்டில் பேசுகிற பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுப்பாள். விபத்து, தற்கொலை, கொலை, சடலம். தலைப்பைப் பார்ப்பாள், வெட்டுவாள். கீழே படிக்க மாட்டாள். இறங்கும் இடம் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். வெட்டிய துண்டை எறிய மனசு வராது. செத்தவர்கள் பேரில் பஜ்ஜி மடிக்கக் கூடாது என்பாள். காலி சாக்பீஸ் டப்பாவில் சேர்த்து வைத்து, வருஷா வருஷம் போகியன்று கொளுத்துவாள்.

பேப்பரில் விழுந்த ஓட்டைகளுக்குப் பிள்ளைகள் ஜன்னல் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கி எத்தினி ஜன்னல் மிஸ்?" என்பான் திலீப்.

"நீயே எண்ணிக்கோ."

"நாலு. நாலு பேரு பூட்டாங்க."

"நீ போயி மாலை போட்டியா? உக்காந்து மழைக் கணக்கப் போடு."

எட்டாம் வகுப்பில் கௌசிகா என்று ஒரு பெண். அவள் அப்பா ஏகாம்பரம் தடா பக்கம் கட்டிட வேலையில் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ரயிலேறி, காட்பாடியில் இறங்கி ஊருக்கு வருவார். போன கார்த்திகை தீபத்துக்கு வருவதாக ரயிலிலிருந்து போன் செய்தார். வரவில்லை. போனும் அணைந்துவிட்டது. அவர் பெண்சாதி செல்லியம்மா இந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஆளைக் காணோம் என்று எழுதவைத்துக் கொடுத்தாள். காட்பாடி வேறு மாநிலம், அங்கேயும் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் கௌசிகா வந்து நின்றாள். "மிஸ், பேப்பர வூட்டுக்கு எடுத்துக்கினு போவட்டா? நைனா பேரு எங்கனா வந்துகீதான்னு அம்மா பாக்கச் சொல்லிச்சு."

கோதை கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் கொடுத்தாள். ஊருக்கே அந்த ஒரு தமிழ்ப் பேப்பர்தான். செல்லியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பாள்.

"கடேசி வரிக்கும் படிச்சியா?"

"படிச்சேம்மா. இல்ல."

"பேப்பர்ல இல்லன்னா உசுரோடதான் கீறாரு," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது நாளுக்கு மேல் அப்படியே ஓடியது.

போகிக்கு லீவு விடுகிற நாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கோதை பீரோவைத் திறந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துப் பையில் வைக்கப்போனாள். கௌசிகா தட்டோடு வாசலில் நின்றாள்.

"மிஸ், ஜன்னல்ல இருந்ததெல்லாம் இன்னா பண்ணீங்க?"

கோதை டப்பாவைப் பிடித்தபடியே, "நீ போயி துன்னுட்டு வா," என்றாள். பெண் போகவில்லை. டப்பாவை மேசைமேல் கவிழ்த்து, தான் வெட்டியதை அன்றுதான் கோதை முதன்முதலாகப் படித்தாள். ஒவ்வொன்றாக. பாதிக்கு மேல் தாண்டிய பிறகு அது இருந்தது. காட்பாடி அருகே தண்டவாளம் ஓரம் ஆண் சடலம். வயது சுமார் நாற்பத்தைந்து. நீலக் கட்டம் போட்ட கைலி. வலது முன்கையில் செல்லி என்று பச்சை குத்தியிருந்தது. தெரிந்தவர்கள் தகவல் சொல்லலாம்.

"கிழிச்சுப் போட்டுடலாம்னுகூட கை போச்சு அத்த," என்றாள் கோதை, பிறகு என்னிடம். "அவ என் மூஞ்சியே பாத்துக்கினு நின்னா."

பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். செல்லியம்மா பேப்பர்களையெல்லாம் தேதி வாரியாகக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தாள். கௌசிகா இழுத்துப் புரட்டி ஒன்பதாம் பக்கத்தைத் தரையில் விரித்து, துண்டை ஓட்டையில் வைத்தாள். நாலு ஓரமும் பொருந்தி உட்கார்ந்தது. பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

செல்லியம்மா அழவில்லை. "இந்தப் பேப்பரு அன்னியிலருந்து இங்கதான கெடந்துச்சு மிஸ்?"

"ஆமாம்மா."

"அதுல இத மட்டும் இல்லாத பண்ணிட்டீங்க."



மறுநாள், போகியன்று, மூன்று பேரும் காட்பாடி போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் சடலத்தின் போட்டோவைக் காட்டினார்கள். அவர்தான். சில நாள் வைத்திருந்து, கேட்பாரில்லை என்று அடக்கம் செய்துவிட்டார்களாம். இடத்தைக் காட்ட வந்த ஆள், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மேட்டைக் காட்டி, "இதுவா அதுவான்னு சரியாத் தெரியலம்மா," என்றான். செல்லியம்மா கொண்டுபோயிருந்த பாலை இரண்டுக்கும் ஊற்றினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"மொகத்த ஒரு தபா பாத்துருப்பேன் மிஸ்."

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்தது. கோதை பேப்பரை வெட்டாமல் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். கத்தரிக்கோல் வீட்டிலேயே இருந்தது. ஜன்னல் எத்தனை என்று திலீப் கேட்கவில்லை. அன்றைக்குப் படிக்கிற முறை வேறு பெண்ணுடையது. ஆனால் கௌசிகா எழுந்து வந்தாள். பக்கம் புரட்டினாள். அரக்கோணத்தில் அடையாளம் தெரியாத ஒருவர், வயது, சட்டை நிறம், தழும்பு என்று நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தாள். முடித்துவிட்டு, திருப்பிச் சொல்ல ஆள் இருக்கிறதா என்று வகுப்பைப் பார்த்தாள். யாரும் எழவில்லை. அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.

கோதை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.