தலைகீழாக ஓடிய கோடு

திருச்செங்கோட்டு அர்த்தநாரிக்குக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. போர்வெல் கம்பெனியில் கிளார்க்காக இருந்துகொண்டே பழைய புத்தகங்கள் வாங்கிப் படித்தார். தபால் வழியில் பட்டமும் பெற்றார். 1982இல் அந்த வேலையை விட்டுவிட்டு, நண்பர் மணியனோடு நாமக்கல்லில் டுட்டோரியல் தொடங்கினார். பி.எஸ்சி. கணக்கில் தோற்றவர்களுக்கு ஒரு கைடும் எழுதினார். அவர் பெயர் அச்சில் வந்த முதல் இடம் அதன் அட்டைதான்.

புத்தகம் வந்த அன்று ஆசையாகப் புரட்டியவர், கோட்டுத் தொகையீட்டுப் பக்கத்தில் முகம் சுளித்தார்.

(1,0) புள்ளியிலிருந்து (0,1) வரை செல்லும் நேர்கோட்டின் வழியே y dx-ஐத் தொகுக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தது x = 1−t, y = t. t சுழியிலிருந்து ஒன்றுக்குப் போனால் கோடு கிளம்ப வேண்டிய இடத்தில் கிளம்பும், விடை −1/2. அச்சிலோ x = t, y = 1−t. கோடு முடிய வேண்டிய இடத்தில் கிளம்பி, தலைகீழாக ஓடி, +1/2 என்று நின்றது.

"எவன் மாத்துனது?"

"நாந்தான் மாப்ள," என்றார் மணியன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "எல்லாத்துக்கும் x-ன்னா t-ன்னு வெச்சா மனப்பாடம் பண்ணச் சுளுவு. ஒரே கோடுதான?"

"சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒரே ரோடுதான். சேலம் போறவனை நாமக்கல் பஸ்ஸுல ஏத்துவியா?"

"டிக்கெட்டு ஒரே வெலைதான?" மணியன் சிரித்தார். "பேப்பர் திருத்தறவரே இனி நம்ம கைடைப் பாத்துத்தான் மார்க் போடுவாரு. உடு."

அர்த்தநாரி கைடை மூடி வைத்தார். "அடுத்த அச்சுலயும் இதே கணக்குன்னா என்ற பேரை எடுத்துரு." அதற்காவது பயந்து திருத்துவார் என்று நினைத்தார்.

"எடுத்துட்டாப் போச்சு. அட்டைல எடம் கெடைக்கும்."

அடுத்த அச்சில் பெயர் இல்லை. கணக்கு அப்படியே இருந்தது.

வகுப்பில் அவர் பலகையில் (1,0)இலிருந்து அம்புக்குறி இழுத்தார். பலமுறை தோற்ற சௌந்திரம் எழுந்தாள்.

"புஸ்தகத்துல வேற மாதிரி இருக்குதுங்க சார்."

"அது தப்பு."

"தப்புன்னு தெரியுதுங்க. மார்க்கு எதுக்குங்க உழுகும்?"

அவளுக்குப் புரிந்திருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இன்னொரு முறை தோற்றால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

"புஸ்தகத்துல இருக்கறதுக்கு," என்றார்.

அவள் உட்கார்ந்து, தன் ஏட்டில் அம்புக்குறியை அடித்துத் திருப்பிப் போட்டாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது அவருக்கு. சாக்பீஸைச் சன்னல் வழியே சாக்கடையில் எறிந்தார். அடுத்த வாரமே போர்வெல் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்.