கிரியேட்டின் டப்பாவும் ஒரு மடக்குத் தண்ணீரும்

செல்வராசு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் கையில், பளு தூக்குபவர்கள் தசை வலுவுக்குக் குடிக்கும் கிரியேட்டின் பவுடர் கலக்கிய தம்ளர் இருந்தது. அவர் மனைவி பாண்டியம்மாள் மதினி போனில் அழுதார். "அந்தப் பவுடரக் கொட்டிரு தாயி. அதுதான் அவுகளக் கொண்டுபோயிருச்சுன்னு எல்லாரும் சொல்றாக." தம்ளரைக் கீழே வைத்தேன். நாங்கள் இருவரும் ஒரே டப்பாவில் அள்ளிக் குடித்தவர்கள்.

அவரோடு பளு தூக்கிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இலவமரத்தில் காய் பறிக்கையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். எனக்கு இளம்பிள்ளைவாதம். அவர் ஓடைப்பட்டி, நான் தேவாரம். சந்திப்பது சின்னமனூர் ஜிம்மில். வெகுநாள் அசையாத எடை ஒருநாள், பெஞ்சில் படுத்திருந்த அவர் நெஞ்சிலிருந்து மேலேறியது. பவுடரோ, பயிற்சியோ, தெரியாது. "ஏலே, காலு போனா என்னலே, கை இருக்குல்ல!" என்று கத்தினார். யாரிடம் என்கிறீர்களா? சுவரிடம்தான்.

தண்ணீரில் மட்டும் மகா கஞ்சன். டியூப் போட்டுத்தான் அவர் சிறுநீர் எடுக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை வழியில் எங்கே இருக்கிறது? வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை ஒரு மடக்குதான். "நெறைய தண்ணி குடிக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்குண்ணே" என்றேன். "அத எழுதுனவன் நம்ம பஸ்ல வந்திருக்கானா ஆத்தா?" என்றார். சிரித்துவிட்டு நானும் என் பாட்டிலை மூடினேன்.

கடைசிப் போட்டிக்குப் போகும்போது அவர் கை அனலாகச் சுட்டது. "யார்ட்டயும் சொல்லிறாத, பேர அடிச்சிருவாக" என்றார். நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி, மெடலும் வாங்கினார். மறுநாள் குளிர் நடுக்கத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் டப்பாவோடு ஓடினேன். செத்துவிடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன? என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்ல. அவரையும் பவுடர் கொல்லலம்மா. சிறுநீர்ப்பையில இருந்த கிருமி கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துருச்சு. தண்ணி குடிக்கல, காய்ச்சலையும் மறைச்சிருக்காரு" என்றார். பயம் போகும் என்று நினைத்தேன், கூடியது. பவுடர் என்றால் கொட்டிவிடலாம். காய்ச்சல் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

நேற்று ஜிம்முக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். பாதி வழியில் அடிவயிறு முட்டியது. பஸ் நிறைய ஆட்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பாதி டப்பாவும், அவர் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்காத ஒரு வார்த்தையும்தான். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, டிரைவரைப் பார்த்து நடுங்கும் குரலில் கத்தினேன்: "அண்ணே, அந்தப் பெட்ரோல் பங்க்ல நிப்பாட்டுங்க. நான் ஒண்ணுக்குப் போகணும்."

பஸ் நின்றது.