பழைய வால்வு தேடி வந்த ஜீப்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது திருவள்ளூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. என் கணவர் வேலையைப் பார்ப்பார், நான் கடையைப் பார்த்துக்கொள்வேன்.

கிணற்றில் இறங்கும் குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட் வால்வுதான் எங்கள் சரக்கு. மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் இருக்கிற தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்துவைப்பது அதன் வேலை. மூடியில் மணல் சிக்கினால் தண்ணீர் ஒழுகிவிடும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினால்தான் மோட்டார் இழுக்கும். என் கணவர் அந்த மூடியைச் சாய்வாக வைத்து, மணல் தானாக வழுக்கிப் போகிற மாதிரி செய்தார். வார்க்கும்போதே எங்கள் பட்டறையின் எழுத்தும் வருஷமும் இரும்பில் விழுந்துவிடும். விவசாயிகள் தேடி வந்து வாங்கினார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கவேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் எங்களுக்குத் தெரிந்த மோட்டார் மெக்கானிக் ஒருவர் வந்தார். "யக்கா, ஜீப்ல ஒர்த்தன் ஊர் ஊரா சுத்திக்கினு கீறான். உங்க பழைய வால்வைக் கயட்டிக் குடுத்தா புது வால்வு குடுக்கறான்," என்றார்.

"பழைய இரும்பு வியாபாரமா இருக்கும், வுடு," என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. தேய்ந்துபோன வால்வுக்குப் புதுசு கொடுத்து எந்த வியாபாரி பிழைப்பான்? கடைக்கு வந்த விவசாயிகளிடம் விசாரித்தேன். ஒருவர் சொன்னதுதான் விநோதமாக இருந்தது. ஜீப்காரன் அவருடைய வால்வைத் திருப்பித் திருப்பி வருஷத்தைப் பார்த்தானாம். "இது இந்த வருசத்துது, வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

அந்த மாதமே பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி அனுப்பியது. சாய்வு மூடி வைத்த வால்வு தங்கள் கண்டுபிடிப்பு, காப்புரிமைக்குப் போட்ட மனு ஏற்கப்பட்டுவிட்டது, இனி நீங்கள் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தது. நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு என் கணவர் லேத் மெஷினை நிறுத்தினார். எங்கள் வேலைப்பாட்டை யார் காட்டிக்கொடுத்தது என்று நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். வார்ப்படம் போட்டுக் கொடுப்பவர், எதிர்க்கடைக்காரர், சேதி கொண்டுவந்த மெக்கானிக் வரைக்கும்.

மெட்ராஸில் இந்த விஷயம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். "புதுசா இருந்தாதான் காப்புரிமை. அவங்க மனு போடறதுக்கு முன்னாடியே நீங்க கடையில வித்திருந்தா, அது புதுசு இல்லை. காப்புரிமை ஆபீஸ் அதிகாரிகிட்ட மறுப்பு சொல்ல இன்னும் அவகாசம் இருக்கு. ஆனா அப்பவே வித்த வால்வு ஒண்ணு கையில வேணும்," என்றார்.

எங்கள் பில்லில் 'வால்வு' என்று மட்டும்தான் இருக்கும். எந்த மாதிரி வால்வு என்று யாருக்குத் தெரியும்? பழைய வருஷம் போட்ட வால்வுகள்தான் சாட்சி; அவற்றைக் காணாமல் செய்யத்தான் அந்தக் கம்பெனியின் ஜீப் சுற்றியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்போ காப்புரிமை எங்களுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார் என் கணவர்.

"உங்களுக்கும் கிடைக்காது. விக்கறதுக்கு முன்னாடியே நீங்க மனு போட்டிருக்கணும்," என்றார் வக்கீல்.

தெரிந்த கிணறுகளுக்கெல்லாம் போனோம். ஜீப் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. கடைசியில் அந்த மெக்கானிக்தான், பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வால்வைத் தரமாட்டேன் என்று ஜீப்காரனைத் துரத்தியதாகச் சொன்னார். அந்த அம்மா தண்ணீர் இறைப்பது நிற்கக்கூடாதே என்று, பழசுக்குப் பதிலாக மாட்டப் புது வால்வு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பையிலிருந்து அதை எடுத்ததும் அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவனும் புதுசு கொண்டாந்தான். நீங்களும் புதுசு கொண்டாந்துகிறீங்க. அந்தப் பழசுல அப்டி இன்னாதான் கீது நைனா?"

என் கணவர் நடந்ததை எல்லாம் சொன்னார். அந்த அம்மாவின் முகம் இளகவில்லை. "அவனும் ஒரு கதைதான் சொன்னான்," என்றார்.

அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் கெஞ்சத் தோன்றவில்லை. "எங்க கையில குடுக்காதீங்க. நீங்களே கயட்டி, நீங்களே மெட்ராஸுக்கு எடுத்துக்கினு வாங்க. அதிகாரி பார்த்ததும் நீங்களே திருப்பி எடுத்துக்கினு போங்க," என்றேன்.

கிணற்றைவிட்டு ஒரு எட்டு விலகினார். "சரி. ஆனா அத்த யாரும் தொடக்கூடாது," என்றார்.

விசாரணை நாளில் வந்தார். வால்வைச் சாக்கில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்திருந்தார். எங்கள் வக்கீல் கை நீட்டியபோதுகூடத் தரவில்லை. அதிகாரியின் மேஜைக்குப் போய்த்தான் சாக்கை அவிழ்த்தார். அவர்கள் மனு போட்டதற்கு முந்தின வருஷம் இரும்பில் தெளிவாக இருந்தது. அதிகாரி மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல், இது வேறு யாரிடமோ புதிதாக வார்த்து எடுத்து வந்தது என்றார்.

"புதுசா?" என்றார் அந்த அம்மா. "இத்த மாட்டின அப்புறம்தான் என் ஊட்டுக்காரர் செத்தாரு, அதுக்கே மூணு வருசம் ஆவுது. அவரு கையால மாட்டினது. அதான் அந்த ஜீப்புக்காரனுக்குக் குடுக்கல."

ஜீப் என்றதும் அதிகாரி நிமிர்ந்து, எந்த ஜீப் என்று கேட்டார். அந்த அம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. அந்தக் கம்பெனிக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது. எங்கள் வால்வை நாங்கள் செய்யலாம், அவர்களும் செய்யலாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். தன் கண்டுபிடிப்பு தனக்கென்று இல்லாமல் போன வருத்தம் என் கணவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எதைப் புதிதாகச் செய்தாலும், வெளி ஆள் கண்ணில் படுவதற்கு முன் மனு போட்டுவிடுவோம்.

இத்தனை வருஷம் கழித்தும், யாராவது என்னை நம்ப மறுத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. எங்களை நம்பாத ஒருவர்தானே அன்றைக்கு எங்கள் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்தார்.